பள்ளம் சின்னதாகவில்லை

ஆடுபவரின் மனமறிந்து, அவர் தோற்காதபடி தம்மை மாற்றிக்கொள்ளும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளோடுதான் நப்பின்னை வளர்ந்தாள். கல்யாணமான பிறகும்கூட அவள் எதிலும் தோற்றதில்லை. அன்று கணவன் மாறன் அரதப்பழசான கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, கறுப்புத் திரையில் ஒரு குட்டி வீரனை ஓடவிட்டான். அவள் பட்டனைத் தட்டினாள். வீரன் பள்ளத்தில் விழுந்து செத்தான்.

“பள்ளம் சின்னதாகலையே!” என்றாள் திகைத்துப்போய்.

“ஆகாது. அந்தக் காலத்து கேம். உன்னை அதுக்குத் தெரியாது,” என்று மாறன் கம்ப்யூட்டரை அணைக்கப் போனான்.

“தொடாதீங்க!”

மாலை முழுவதும் அவள் விழுந்துகொண்டே இருந்தாள். கடைசியில் வீரன் மயிரிழையில் அக்கரையில் கால் ஊன்றினான். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் நீர் முட்டியது.

“என்னாச்சு?” என்று மாறன் பதறினான்.

“தாண்டிட்டேங்க,” என்றாள், தன் விரல்களையே பார்த்தபடி. “நெசமாவே நான்தான் தாண்டினேன்.”