வேம்புவின் அடுப்பு

டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்குத் தரைவழியாகவே வரும் நான்கு சிநேகிதர்கள், படுக்கையும் சமையலறையும் உள்ள வேனை எங்கள் வாய்க்கால் கரையில் நிறுத்தி முட்டை பொரிக்கிறார்கள். எட்டிப் பார்க்கிறேன், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட இருக்கிறது. எதிரே, சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காகப் பண்ணை ஆட்கள் நேற்றுப் பிரித்தெறிந்த குடிசையின் நடுவே, வெயிலில் உட்கார்ந்து வேம்பு அடுப்பெரிக்கிறாள். வெள்ளைக்காரி தட்டைக் காட்டி அவளை அழைக்கிறாள். “போயேன்டி, சக்கரம் வச்ச வீட்டுல விருந்து யாருக்குக் கிடைக்கும்?” என்கிறேன். “குடியிருக்கறவங்களுக்கே மனைன்னு சட்டம் வந்துட்டுதாமேக்கா. தாசில்தார் வரப்ப அடுப்பு எரியணும். எழுந்தா இங்க மாட்டைக் கட்டிடுவாங்க.” நால்வரும் கையசைக்க, வேன் கிளம்புகிறது. விருந்தை விட்டுவிட்டு அப்படி என்னதான் சமைக்கிறாள் என்று பானை மூடியைத் தூக்குகிறேன். வெறும் தண்ணீர் கொதிக்கிறது.