கழுவிய வேர்

மாடிவீட்டு பியூலா அக்கா எனக்குக் கள்ளி மாதிரியான சக்குலன்ட் செடி தரும்போதெல்லாம், வேரைக் குழாயடியில் பிடித்து, ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவி, செய்தித்தாளில் சுற்றித்தான் தருவாள். "பழைய மண்ணுல பூச்சி இருக்கும் ஜமுனா. பாதி தேங்காய் நார்த்தூள், பாதி மண்புழு உரம் கலந்து வையி. நானும் அதுலதான் வைக்கிறேன்" என்பாள். அப்படியே கலந்து வைத்தேன். என் தொட்டிகள் நாள்கணக்கில் ஈரம் காயாமல் கிடந்தன. ஆறு வருஷத்தில் பதினொரு செடிகள் அழுகிப் போயின. ஒவ்வொரு தடவையும், "உனக்குக் கைராசி இல்லடி" என்று அவள் உச்சுக் கொட்டினாள். நானும் என் கையைத்தான் நொந்துகொண்டேன்.

இன்று அவளோடு மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பூனை தாவியதில் அவள் தொட்டி ஒன்று விழுந்து உடைந்தது. மேலாக ஒரு விரல் கனத்துக்கு நார்த்தூள். அதற்குக் கீழே முழுக்க ஆற்று மணல், செங்கல் சல்லி, கரித்துண்டு. காலையில்தான் தண்ணீர் விட்டிருந்தாள். அள்ளிப் பார்த்தேன், கையில் ஈரமே ஒட்டவில்லை.

அக்கா செடியைப் பார்க்கவில்லை. அவசரமாக விளக்குமாற்றை எடுத்து மணலைத்தான் முதலில் கூட்டித் தள்ளினாள். பிறகு செடியைத் தூக்கிக்கொண்டு, "இத நீயே வச்சுக்கோ. இரு, வேரக் கழுவித் தரேன்" என்று குழாயைத் திறந்தாள்.

"வேண்டாம்க்கா. மண்ணோடவே குடு."

அவள் செடியைத் தரவில்லை. குழாயையும் மூடவில்லை.