ஓடும் புள்ளி

பல்கலைக்கழக வளாகத்து மரங்கள் மனிதர்களின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்கத் தொடங்கியதிலிருந்து ஏட்டு குணவதிக்கு ரோந்து சுலபமாகிவிட்டது. யாருக்காவது துடிப்பு தடுமாறினால் எல்லோருடைய போனிலும், வளாக வரைபடத்தில் அந்த ஆள் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி தோன்றும். ஏட்டம்மா பார்த்துக்கொள்வார் என்று மாணவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். அவளும் பார்த்துக்கொள்வாள்.

அன்று காலை, நூலகத்தின் பின்புறம் அவள் நின்ற இடத்தருகிலேயே புள்ளி தோன்றியது. சுற்றிலும் ஈ காக்கை இல்லை. கட்டடத்தைச் சுற்றி வந்தாள், புள்ளியும் நகர்ந்தது.

“எங்கிட்டயே ஆட்டம் காட்டுறானா?”

இருபது வருடப் போலீஸ் புத்திக்கு, நகர்கிற புள்ளி என்றால் தப்பி ஓடுகிற ஆள்தான். விசிலை ஊதிக்கொண்டு கேண்டீன் வரை விரட்டினாள். சட்டை தெப்பலாக நனைந்தது. இடது தோள் கடுத்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது வகுப்பறைகளிலிருந்து மாணவர்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். நூறு பேர், ஐந்நூறு பேர், எல்லோரும் அவளை நோக்கி.

“தள்ளுங்க! இங்க யாருக்கோ முடியல!” என்று கத்தினாள்.

முன்னால் வந்த பெண்ணொருத்தி அவள் கையைப் பிடித்தாள். “யாரும் ஓடல ஏட்டம்மா. அந்தப் புள்ளி நீங்கதான். உக்காருங்க.”

அந்தப் பெண்ணின் மடியில் சாய்ந்தபடி குணவதி பார்த்தாள். வாசல் கேட் வரை இரண்டு பக்கமும் கைகோத்து நின்று, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டிருந்தார்கள், தினமும் தொண்டை கிழியக் கத்தினாலும் ஓரம் போகாத அதே பிள்ளைகள்.