தூறலுக்கு ஒரு தம்பி

"இடது கால் ஷூவுக்கு வலது கால் ஷூ மாதிரி இருக்கணும் பேரு. பெட்டியைத் திறந்து பார்க்கிறவன், ரெண்டும் ஒரே ஜோடின்னு சொல்லணும்" என்றாள் மெக்கானிக்கின் மனைவி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி.

அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேஜையில் வேலை. தோலின் நிறத்தில் நூலளவு பிசகினாலும் ஒதுக்கி வைத்துவிடுவாள்.

மெக்கானிக் தொட்டிலைப் பார்த்தபடி நின்றான். பையன் எவனுக்கும் கடன்படாதவன்போல இரண்டு கைகளையும் விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பெரியவ தூறல். சின்னவன் கொண்டல். மழை மேகம்னு அர்த்தம். தேடினாலும் இந்தப் பேருல இன்னொருத்தன் கிடைக்க மாட்டான்" என்றாள் மனைவி.

கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் தங்கை சிரித்துவிட்டாள். "தூறல், கொண்டல்! அண்ணே, நீ பேசாம இடின்னு பேரை மாத்திக்க. வீட்டுக்கு வர்றவங்க குடையோட வரட்டும்."

மனைவி சிரிக்கவில்லை. "கொண்டல் வந்தாத்தான் தூறல். தெரியுமில்ல?"

"ஆதன்னு வைப்போம்" என்றான் மெக்கானிக். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"ஆதனுக்கும் தூறலுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான் சொல்றேன்."

"கூடப் பொறந்தவளோட சம்பந்தமே வேண்டாங்கிறீங்களா?"

"சம்பந்தம் இருக்கட்டும். பேராவது அவனுக்குன்னு இருக்கட்டும்."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இன்னுமா சண்டை ஓயல? பேரில்லாத பிள்ளைங்களை நாங்க கட்டில் நம்பரை வச்சுத்தான் கூப்பிடுவோம். இவன் இப்ப பதினொண்ணு. டாக்டரம்மா வந்து பேசினதும் கிளம்பிடலாம். அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

அவள் போனாள். தங்கை மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

மெக்கானிக்குக்கு ஷெட் ஞாபகம் வந்தது. அங்கே எல்லா பஸ்ஸுக்கும் பட்டப்பேர் உண்டு. கிழவி, மாப்பிள்ளை, முரடன். சுவரோரம் நிற்கும் ஒரு வண்டிக்கு மட்டும் பேர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. முரடன் ஓடாமல் படுத்துக்கொண்டால் அதிலிருந்துதான் பாகங்களைக் கழற்றி மாட்டுவார்கள். கேட்டால் 'முரடனோட தம்பி' என்பார்கள். இப்போதெல்லாம் அதைத் தாண்டும்போது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறான்.

கதவின் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. பெரியவள். வெளியே சித்தப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தவள் எப்படியோ நழுவி வந்துவிட்டாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"உள்ள வராதடி தங்கம். ஆஸ்பத்திரி. சளி கிளி ஒட்டிக்கும்" என்று தங்கை ஓடிப்போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"அத்தே, குட்டிக்குப் பேரு வச்சாச்சா?"

"கொண்டல்டா கண்ணு!" மனைவி கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள். அவ்வளவு உற்சாகமாக அவள் பேசி மெக்கானிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"கொண்டல்..." பெரியவள் சொல்லிப் பார்த்தாள். "நல்லாருக்கும்மா. எனக்குன்னே வச்ச மாதிரி இருக்கு."

கதவு மூடிக்கொண்டது. மெக்கானிக் கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. அவளுக்காகன்னு நீ சொன்ன எல்லாத்துக்கும் தலையாட்டினேன். இது ஒண்ணுல மட்டும் என் பேச்சைக் கேளு."

"இவ்வளவு தூரம் வந்துட்டு பேருல வந்து முரண்டு பிடிக்கிறீங்களே. முதல்ல பேரு ஜோடியாகட்டும். மத்ததெல்லாம் தானா அமையும்." அவன் கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. "என் வாய்ல வந்த பேரை வைக்க விடுங்க. உங்க காலைக்கூடப் பிடிக்கிறேன்."

பெற்ற உடம்போடு கிடப்பவளிடம் எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவது? அவன் தொட்டில் பக்கம் திரும்பினான். பையன் தூக்கத்திலேயே உதட்டைச் சுழித்தான்.

"சரி. உன் இஷ்டம். கொண்டல்னே இருக்கட்டும்."

அப்போதுதான் டாக்டரம்மா உள்ளே வந்தாள். வந்தவள் முதலில் கதவைச் சரியாகச் சாத்தினாள். மெக்கானிக் அதைக் கவனித்தான். பைப் உடையும் முன்னால் எஞ்சினில் ஒரு சத்தம் மாறும், அதுபோல இருந்தது அவனுக்கு.

"பரிசோதனை முடிவு வந்துடுச்சு" என்றாள் டாக்டரம்மா. "தம்பியோட தொப்புள்கொடி ரத்தம் அக்காவுக்குச் சேராது. எலும்பு மஜ்ஜையும் இவன்கிட்டேருந்து எடுக்க முடியாது. பொண்ணுக்கு வேற யாரையாவதுதான் தேடணும். அதுவரைக்கும் இப்ப ஏத்துற மாதிரியே ரத்தம் ஏத்திக்கிட்டு இருப்போம்."

தங்கையின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"பையன் நல்லா இருக்கான். அவனுக்கு ஒரு குறையும் இல்ல" என்று டாக்டரம்மா சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் கையை ஆட்டினாள். மனைவியும் பதிலுக்குக் கையை ஆட்டினாள், சிரித்தாள்கூட. பையன் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மெக்கானிக்தான் அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான்.

"என்னங்க" என்றாள் அவள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நீங்க சொன்ன பேரையே இவனுக்கு வச்சிருங்க. கொண்டல், அடுத்ததுக்கு இருக்கட்டும்."