மாசி அமாவாசைக்கு மூன்று இரவுகள்

"சொந்தப் பிள்ளைன்னா யாருக்கும் கொஞ்சம் பாசம் பொங்கத்தான செய்யும்?" என்றான் ஒச்சாண்டி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சொர்ணலதாவுக்கு முகம் சிவந்தது. "ஆறாம் நம்பர் என்னோடதுன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம்மா. வந்ததுல இருந்து அதுக்குத்தான வாதாடுற."

1983 டிசம்பர். தேனியில் ஒரு கல்லூரியில், இளம் வானியல் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயிற்சி. பெரிய தொலைநோக்கியில் வேலை செய்ய நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாளான அன்று, எழுதியவர்களே தேர்வுக் குழுவாக உட்கார்ந்திருந்தார்கள். விண்ணப்பங்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

பயிற்சிதான் என்றாலும் பரிசு நிஜம். ஜெயிக்கிறவருக்கு மாசி அமாவாசையை ஒட்டி, நிலா இல்லாத மூன்று இரவுகள் மலைமேல் இருந்த அந்தத் தொலைநோக்கி கிடைக்கும். அது கிடைக்காமல்தான் சொர்ணலதாவின் ஆராய்ச்சி பாதியில் நின்றுபோயிருந்தது.

பேராசிரியர் செல்லப்பாண்டி ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். எது யாருடையது என்று மூச்சு விடக் கூடாது. தன்னுடையதே பேச்சுக்கு வந்தாலும், அடுத்தவர் எழுதியதைப் போல நிறைகுறை சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்கு, அதனால வாதாடுறேன்" என்றாள் சொர்ணலதா. "பாக்கப்போற நட்சத்திரம் எப்ப மங்கும்னு கணக்குப் போட்டு, அந்த நேரத்தை மட்டும் கேட்டிருக்காக. மேகம் மறைச்சா வேற எதைப் பாக்குறதுன்னும் எழுதியிருக்காக. மத்ததுல எங்க இருக்கு அது? ரெண்டாம் நம்பரை எடுத்துக்கங்க. ரெண்டு ராத்திரி வேலைக்கு மூணு ராத்திரி கேட்டிருக்கு."

"ரெண்டு மேல உனக்கு என்ன கோவம்? போட்டிக்கு வந்துரும்னா?"

"நீங்க அதைப் படிச்சீகளா, இல்லையா?"

"படிச்சேம்மா. ஆனா ஒண்ணு யோசி. மாசிக் குளிர்ல விடிய விடிய மலையில நிக்கணும். அங்கன ஆம்பளைக தங்குறதுக்குத்தான் ரூம் இருக்கு. உனக்குக் குடுத்து, மூணு ராத்திரியும் வீணாப் போனா யாரு பதில் சொல்றது?"

அந்த அறையில் இருந்த ஒரே பெண் அவள்தான். இந்தப் பேச்சு வரக் கூடாது என்றுதானே பெயரையே மறைத்தார்கள்? என்ன அநியாயம் இது!

"சார், நீங்களும் கேட்டுக்கிட்டு இருக்கீகளே."

"ஒச்சாண்டி, எழுதினதைப் பத்தி மட்டும் பேசுங்க" என்றார் செல்லப்பாண்டி.

"அதைத்தான் சார் பேசுறேன். ஆறு வேணாம். என் ஓட்டு ரெண்டுக்கு." பக்கத்தில் இருந்த குருசாமியை முழங்கையால் இடித்தான். போடியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த சிநேகிதர்கள் அவர்கள். "ஏலே, கையத் தூக்குடா."

குருசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். மற்ற எல்லோரும் இரண்டுக்குத் தூக்கினார்கள். ஆறுக்கு எழுந்தது சொர்ணலதாவின் கை ஒன்றுதான்.

"எழுதினது யாருன்னு பாக்காம எழுதினதைப் பாத்திருந்தா ஆறுதான் ஜெயிச்சிருக்கும்" என்றாள். "நான் போயிரக் கூடாதுங்கறதுக்காக, ஒசத்தியைத் தள்ளிட்டு மட்டமானதைத் தூக்கி வச்சிருக்கீக. வெக்கமா இல்லையா?"

ஒச்சாண்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"முடிவு முடிவுதான், இனி மாத்த முடியாது" என்று எழுந்தார் செல்லப்பாண்டி. "இப்ப ஆளைத் தெரிஞ்சுக்கலாம். ஆறாம் நம்பர் எழுதினவுக எந்திரிங்க."

எல்லாக் கண்களும் சொர்ணலதா மேல் இருந்தன. ஒச்சாண்டியை முறைத்தபடி எழுந்து நின்றவன் குருசாமி.

"ஏலே... நீயா?" என்றான் ஒச்சாண்டி.

"ரெண்டாம் நம்பர்?" என்று கேட்டார் செல்லப்பாண்டி.

கோபம் கொஞ்சமும் தணியாத முகத்தோடு சொர்ணலதா எழுந்தாள்.