பின் சீட்டுக்கு மட்டும்

"பின் சீட்டுக்கு மட்டும் செஞ்சா போதும். முன்னாடி ஒரு நட்டைக்கூடத் தொடாதீங்க" என்றார் பல் டாக்டர்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெடுந்தூரம் போகிற மோட்டார் சைக்கிள்களுக்கு மெத்தையும் சாய்மானமும் மாட்டுவது அவருக்கு இருபது வருஷத்துத் தொழில். வருகிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் முதலில் தங்கள் இடுப்பைத்தான் பார்த்துக்கொள்வார்கள். பின்னால் உட்காருகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "அதான் பிடிச்சுக்கக் கம்பி இருக்கே" என்று கூசாமல் சொல்வார்கள்.

டாக்டர் அடுத்த தெருவில் புதிதாகக் கிளினிக் திறந்தவர். யானை மாதிரி இருந்த அந்த வண்டியை அங்கிருந்து தள்ளிக்கொண்டே வந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கடைக்காரர் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"இங்க பாரும்மா!" என்று பில் போடும் மேஜையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "சைலன்சர் சூடா இருந்தா என் கை பொத்துப்போகும்னு, ஸ்டார்ட்டே பண்ணாம தள்ளிட்டு வந்திருக்காரு. வண்டி தெரிஞ்ச மனுஷன்னா இவருதான்!"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைக்காரர் விட்டால்தானே? அவர் கடையில் கேள்வியும் அவரே, பதிலும் அவரே.

"சொல்லுங்க டாக்டர், எங்க பயணம்?"

"மலை உச்சிக்கு. நானூறு கிலோமீட்டர். மூணு தடவை கிளம்பி, மூணு தடவையும் பாதியில திரும்பிட்டோம்." டாக்டரின் குரல் இறங்கியது. "பின் சீட்லேர்ந்து இடுப்பு வலி தாங்கலைன்னு சத்தம் வரும். அவ்வளவுதான், வண்டி திரும்பிடும். போன தடவை உச்சி கண்ணுக்கே தெரிஞ்சுது. இன்னும் நாப்பதே கிலோமீட்டர்."

"அடடா! அங்கேர்ந்தா திரும்பினீங்க? சண்டை எதுவும் வரலையா?"

"ஒரு வார்த்தை இல்லைங்க. முகம்கூடச் சுளிக்கலை. பத்து வருஷத்து ஆசை அது." டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தத் தடவையும் திரும்பினா, அப்புறம் அந்தப் பேச்சையே வீட்டுல எடுக்க மாட்டோம். அதான் பயமா இருக்கு."

கடைக்காரருக்கு உடம்பே சிலிர்த்தது. "என்ன பொறுமை! நானா இருந்தா..."

"நீங்களா?" மனைவி மேஜையிலிருந்தே பிடித்துக்கொண்டாள். "எங்க அக்கா வீட்டுக்குப் போற வழியில, கால் மரத்துப்போச்சு ரெண்டு நிமிஷம் நிறுத்துங்கன்னேன். வீடு வர்ற வரைக்கும் அர்ச்சனை பண்ணிட்டே வந்தீங்களே, மறந்துபோச்சா?"

"ஐயோ, இதுல எனக்கென்னங்க பெருமை இருக்கு?" டாக்டர் நெளிந்தார்.

"தன்னடக்கம் வேற!" என்று கடைக்காரர் உருகினார். "சரி டாக்டர், அம்மாவை ஒரு நடை கூட்டிட்டு வாங்க. ஆளை உட்கார வெச்சுத்தான் சாய்மானத்துக்கு அளவு எடுக்கணும்."

"வேண்டாங்க. நானே உட்கார்ந்து பார்த்துடறேன்."

உட்கார்ந்தார் என்றா சொல்வது? ஒரு மணி நேரம் அந்தப் பின் சீட்டில் தவமே இருந்தார். சாய்மானம் இடுப்புக்கு மேல் இன்னும் இரண்டு விரல் ஏற வேண்டும் என்றார். முட்டி இவ்வளவு மடங்கினால் நரம்பு விண்ணென்று இழுக்கும், கால் வைக்கிற கட்டையை இறக்குங்கள் என்றார். மூன்று மெத்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கெட்டியும் இல்லாமல் கொழகொழவென்றும் இல்லாமல் நடுவாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் போல்ட்டை முடுக்கிக்கொண்டே வியந்துபோனார். தனக்கு வலித்தால்கூட ஒருத்தரால் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியாது. பெண்டாட்டியின் வலியை இப்படிக் கணக்காகத் தெரிந்துவைத்திருக்கிறாரே இந்த மனுஷன்! மேஜையில் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் அவர் கவனித்தார். வீட்டுக்குப் போனதும் தனக்குக் கச்சேரி இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"டாக்டர், என் திருப்திக்கு ஒண்ணு. நீங்க நல்ல உயரம். ஹேண்டில்பாரை ரெண்டு இன்ச் தூக்கித் தர்றேன், சும்மாவே."

"ஐயையோ, அதுல மட்டும் கை வெச்சுடாதீங்க!" டாக்டர் பதறி இறங்கினார். "ஒரு நூல் மாறினாலும் ஓட்டற பிடி போயிடும்."

"தனக்குன்னா ஒண்ணுமே வேண்டாங்கறாரே!" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேலை முடியும் நேரத்தில் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். குள்ளமான உருவம், கையில் இரண்டு ஹெல்மெட். டாக்டரின் முகம் மலர்ந்ததிலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க! நீங்க கொடுத்துவெச்சவங்க!" கடைக்காரர் ஓடிப்போய்ப் பின் சீட்டைத் துணியால் துடைத்தார். "இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பாரு? உட்கார்ந்து பாருங்க, சோபா தோத்துடும்!"

அந்த அம்மாள் சாய்மானத்தைத் தடவிப் பார்த்தார். மெத்தையை அழுத்திப் பார்த்தார். பிறகு கணவரின் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய வண்டியைத் தள்ளிட்டா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து ஓட்டிட்டு வந்திருப்பேனே!"

சொல்லிக்கொண்டே ஒரு ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, முன் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு ஏறி, ஒரே அழுத்தில் இன்ஜினை உறும வைத்தார். துடைத்த துணியோடு சிலையாக நின்ற கடைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டர் மெல்லப் பின்னால் ஏறினார். சாய்மானத்தில் இடுப்பைப் பதித்து, மனைவியின் காதருகே குனிந்தார்.

"இந்தத் தடவை நான் திருப்பச் சொல்லவே மாட்டேன்மா. நேரா உச்சிக்கு விடு."