இரும்புக்குப் போட்ட டிஸ்க்

வாசிமுக்குக் கடைவாய்ப் பல் வரைக்கும் வலித்தது. "இந்த டிஸ்க்கு தேறாது, தூக்கிப் போடுங்க அண்ணாச்சி" என்று சொன்னதற்கு விழுந்த அறை அது. இடது காதில் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை.

அறைந்த மூக்காண்டி, அருவாளைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசிமின் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டான். சங்கரன்கோவில் பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறவன். கை அப்படித்தான் இருக்கும்.

"இதுல உள்ளது பூரா ஒன் கம்ப்யூட்டருக்கு வரணும். ஒன்னு கொறைஞ்சா ஒனக்கு வெரலு கொறையும்."

"டிக்கு டிக்குன்னு சத்தம் கேக்குதுல்லா அண்ணாச்சி? சாகக் கெடக்கு. ஒரு தடவை ஓடும். நடுவுல ஆட்டுனா அதோட முடிஞ்சுது."

"அப்ப ஆட்டாம ஏத்துலே."

மூக்காண்டி தோளில் சுமந்து வந்த பழைய சிபியுவின் நெற்றியில், என்றோ ஓர் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து கழற்றிய டிஸ்க்கில் வாசிம் வயரைச் சொருகினான். திரையில் பெயர் வந்தது. சங்கரசுப்பு பூ கமிஷன் கடை. கேமராப் படங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கரசுப்பு தன் கடைக்குள்ளேயே வெட்டுப்பட்டுச் செத்தார். மூக்காண்டியின் தம்பி அருண்குமார் பிணத்துக்குப் பக்கத்தில் அருவாளும் கையுமாக நின்றான். முந்தின நாள்தான் சங்கரசுப்பு அவனை நடுச்சந்தையில் செருப்பால் அடித்திருந்தார். ஆளும் கிடைத்துக் காரணமும் கிடைத்துவிட்டதால் கேமராவை யாரும் தேடவில்லை. சாவு விழுந்த கடைச் சாமான் ஆகாது என்று அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டது. அருண்குமார் பாளையங்கோட்டை ஜெயிலில் கிடக்கிறான்.

"வெட்டுனது ஒங்க தம்பி இல்லையா அண்ணாச்சி?" வாசிம் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"இல்ல. டேசன்ல சொன்னேன், வக்கீல்ட்ட சொன்னேன். தம்பியக் காப்பாத்தக் கதை விடுதாம்னு சிரிக்கானுவ. வாயால சொன்னா எவன் நம்புதான்? வெட்டுனவன் மூஞ்சி அதுல தெரியணும்."

வாசிம் அருவாளைப் பார்த்தான். மூக்காண்டியின் காலடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. கைலி, துண்டு, சோப்பு, பல்பொடி. காரியத்தை முடித்துவிட்டு ஊரை விட்டே போகிற ஏற்பாடு. மூஞ்சி தெரிந்ததும் இன்றைக்கு ஒரு தலை உருளும் என்று நினைத்தபோது அவன் கை வயரைப் பிடுங்கப் போனது.

"வயரை ஆட்டாதலே."

பாதிப் படங்கள் ஏறியிருந்தன. ஷட்டர் தடாலென்று மேலே போனது. கையில் இரும்புக் கம்பியோடு கணேசன் நின்றான். செத்துப்போன சங்கரசுப்புவின் ஒரே மகன்.

"இரும்புக்கடைக்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டாம்லே. எங்கப்பனைக் கொன்ன படத்தை அழிச்சி ஒன் தம்பிய வெளிய கொண்டாரப் பாக்கியோ?"

முதல் அடி மூக்காண்டியின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வாசிமுக்குக் கேட்டது. அடுத்த அடி மேசையை நோக்கி இறங்கியது. மூக்காண்டி குறுக்கே பாய்ந்து முதுகைக் கொடுத்தான்.

"என்னை அடிலே கணேசா. எவ்வளவு வேணும்னாலும் அடி. மேசைய மட்டும் தொட்றாத."

கணேசன் அடித்தான். விலாவில் அடித்தான், முழங்காலில் அடித்தான், கம்பியைத் திருப்பிப் பிடித்து வாயில் குத்தினான். பல் ஒன்று தெறித்துக் கீபோர்டில் விழுந்தது. அருவாள் மூக்காண்டியின் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. திருப்பி அடிக்காதவனை அடித்து அடித்து, கடைசியில் கணேசனுக்கே கை ஓய்ந்தது.

"எல்லாம் ஏறிட்டாலே?" மூக்காண்டி ரத்தத்தைத் துப்பிவிட்டு வாசிமைக் கேட்டான்.

"ஏ... ஏறிட்டு."

"கடைசிப் படத்தைப் போடு. அன்னைக்கோட பூட்டுன கடை. அதுதான் கடைசியா இருக்கும்."

படம் ஓடியது. பூக்கூடைகளுக்கு நடுவில் சங்கரசுப்பு உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டைக் கட்டிய ஒருவன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கழுத்திலும் தோளிலும் மாறி மாறி வெட்டினான். கேந்திப்பூக் கூடை சரிந்து, அதன்மேல் அவர் சரிந்தார். வந்தவன் அருவாளைப் போட்டுவிட்டு ஓடினான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அருண்குமார் ஓடி வந்தான். கிடந்த அருவாளைப் பார்த்தான். அது யாருடையது என்று தெரிந்தவன்போல ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு குனிந்து அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

கணேசனின் கையிலிருந்து கம்பி கீழே விழுந்தது.

"அருண் இல்லையா? அப்ப எங்கப்பனை வெட்டுன அந்த நாய் எவன்லே?"

"பின்னால தள்ளு" என்றான் மூக்காண்டி வாசிமிடம். "வாசல்ல போய் ஒரு தடவை திரும்புவான். அங்கன நிப்பாட்டு."

வாசிம் நிறுத்தினான். கணேசன் திரையில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தான். பார்த்தவன் மெதுவாக மூக்காண்டி பக்கம் திரும்பினான்.

மூக்காண்டி உடையாத கையால் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டான்.

"நாந்தாம்லே அது. டேசனுக்கு இழுத்துட்டுப் போ, என் தம்பிக்கு நான் மூணு வருசம் பாக்கி."